டார்த் வேடர் தலை போட்ட நியுவே டாலர்: சம்பந்தமில்லாத நாடுகள் நினைவு நாணயம் வெளியிடுவது ஏன்?

ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம். தலைப் பக்கம் அரசி இரண்டாம் எலிசபெத். ஓரத்தில் ‘நியுவே’ என்று நாட்டின் பெயர், கூடவே 2 டாலர் என்று மதிப்பு. பூப் பக்கம் திருப்பினால் ‘ஸ்டார் வார்ஸ்’ ஹாலிவுட் படங்களின் வில்லன் டார்த் வேடர் தலைக்கவசத்தோடு நிற்கிறார். 2011-இல் வந்த ஸ்டார் வார்ஸ் வரிசை இது. நியுவே தென்பசிபிக்கில் இருக்கும் ஒற்றைத் தீவு; மக்கள்தொகை சுமார் 1,700. படம் அங்கே எடுக்கப்படவில்லை, எடுத்தவர் அந்த ஊர்க்காரரும் இல்லை, கதை நடப்பதோ வேறொரு விண்மீன் மண்டலத்தில். பின்னே நியுவேயின் பெயர் அந்த நாணயத்தில் எப்படி ஏறியது?

நாணயம் சேகரிக்க ஆரம்பிக்கிற எல்லோரும் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். ருவாண்டாவின் பெயரில் பாய்மரக் கப்பல், மங்கோலியாவின் பெயரில் கென்னடி, சோமாலியாவின் பெயரில் கிட்டார். பார்த்ததும் போலியோ என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் போலி இல்லை. அந்தந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்ட நாணயங்கள்தான். அதே சமயம், அந்த நாட்டுக் கடைத்தெருவில் கைமாறும் காசும் இல்லை.

காசு எப்போது காசாகிறது?

ஒரு வட்டத் தகட்டில் டார்த் வேடரையோ மிக்கி மவுஸையோ அச்சடித்து விற்பதற்குப் படத்தின் உரிமைக்காரர் சம்மதித்தால் போதும், எந்த அரசும் தேவையில்லை. ஆனால் அப்படி வந்தால் அது பதக்கம். நாணயம் ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நாட்டு அரசு ‘இது எங்கள் பணம்’ என்று சட்டப்படி ஏற்க வேண்டும். வழக்கமாக நாட்டின் பெயரும் ஒரு மதிப்பும் அதன் மேல் இருக்கும். அந்த மதிப்புக்குத்தான் முகமதிப்பு என்று பெயர்.

வெள்ளியும் அதேதான், அச்சும் அதேதான், வேலைப்பாடும் அதேதான். இருந்தும் பதக்கத்தைவிட நாணயத்துக்குத்தான் கிராக்கி. சேகரிப்பவர்களின் மனம் அப்படி. நாணயப் பட்டியல் நூல்களில் நாணயத்துக்குத்தான் இடம், பதக்கத்துக்கு இல்லை. ‘அரசு வெளியிட்டது’ என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை, எவ்வளவு அழகான பதக்கத்துக்கும் கிடைப்பதில்லை. வரிச் சட்டங்களும் நாணயத்துக்குச் சாதகமாக இருப்பதுண்டு. அதைப் பிறகு பார்ப்போம், அதுதான் இதில் ருசியான பகுதி.

நினைவு நாணயங்களிலேயே இரண்டு வகை இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று, புழக்கத்துக்கு வருவது: வழக்கமான காசின் அளவிலேயே ஒரு தலைவரின் நூற்றாண்டுக்கோ ஒரு நிகழ்ச்சிக்கோ வேறு படம் போட்டு வெளியிடுவார்கள்; கடையில் மீதிச் சில்லறையாகக்கூட நம் கைக்கு வரும். இன்னொன்று, சேகரிப்பவருக்காகவே வெள்ளியிலும் தங்கத்திலும் அடித்து, பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவது. சட்டப்படி அதுவும் பணம்தான். ஆனால் யாரும் செலவழிக்கப் போவதில்லை. நாம் பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

‘சட்டப்படி பணம்’ என்றால் எல்லோரும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருளாகாது. பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் தன் சொந்த நாட்டுக்காக வெளியிட்ட 100 பவுண்ட் வெள்ளி நாணயங்களையே அங்குள்ள வங்கிகள் வாங்க மறுத்ததுண்டு. சொந்த வீட்டிலேயே இந்தக் கதி. நியுவேயின் டார்த் வேடரை நியூசிலாந்துக் கடையில் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நியுவே புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனால் நியுவேயின் பெயர் போட்ட நாணயம் நியூசிலாந்தில் செல்லாது.

யார் கேட்டு, யார் செய்வது?

இந்த நாணயங்களில் முதல் அடி எடுத்து வைப்பது பெரும்பாலும் நாடு இல்லை. ஒரு நாணயச்சாலையோ நாணய வியாபார நிறுவனமோ எது விற்கும் என்று கணக்குப் போடுகிறது. படம் தேவையென்றால் டிஸ்னி போன்ற உரிமைக்காரரிடம் அனுமதி வாங்குகிறது. அப்புறம் ஒரு நாட்டின் நிதி அமைச்சகத்தையோ மத்திய வங்கியையோ அணுகி, ‘உங்கள் பெயரில் வெளியிடுகிறோம், வடிவத்தைப் பார்த்துச் சம்மதம் கொடுங்கள், இவ்வளவு ராயல்டி தருகிறோம்’ என்று ஒப்பந்தம் போடுகிறது. வெள்ளி வாங்குவது, அச்சடிப்பது, விளம்பரம் செய்வது, விற்காமல் தேங்கினால் நஷ்டத்தைச் சுமப்பது எல்லாம் அந்த நிறுவனத்தின் பாடு. நாட்டுக்குச் செலவே இல்லை. நாணயம் ஒரு கண்டத்தில் அச்சாகி, இன்னொரு கண்டத்தில் விற்று, பெயருக்குரிய நாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் யாருடைய அலமாரியிலோ போய் உட்கார்ந்துவிடும்.

நியுவேயின் ஸ்டார் வார்ஸ், டிஸ்னி நாணயங்களுக்குப் பின்னால் இருப்பது நியூசிலாந்து மின்ட். பெயரைக் கேட்டால் அரசு நிறுவனம் போலத் தோன்றும்; அது தனியார் நிறுவனம். நியூசிலாந்தின் புழக்கக் காசுகளை அது அடிப்பதுகூட இல்லை. இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவின் பெயரில் நிறைய வெளியிட்டது ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட். இது மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசுக்குச் சொந்தமானது. பார்பி பொம்மையின் 50-ஆம் ஆண்டுக்கு 2009-இல், சிம்ப்சன்ஸ் குடும்பத்துக்கு 2019-இல் துவாலு நாணயங்கள் வந்தன. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த பாப்ஜாய் மின்ட் பல ஆண்டுகள் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு அடித்துக் கொடுத்தது. ஹாரி பாட்டருக்கு 2001-இல் நாணயம் வந்தது அந்தத் தீவின் பெயரில்தான். அந்த நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது.

கப்பல் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. லைபீரியாவின் கொடியோடும் மார்ஷல் தீவுகளின் கொடியோடும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன. முதலாளி வேறு நாட்டுக்காரர், மாலுமிகள் வேறு நாட்டுக்காரர்கள். பதிவு மட்டும் அங்கே, கட்டணமும் அங்கே. இந்த இரண்டு நாடுகளும் நினைவு நாணய உலகிலும் பேர்போனவை. அமெரிக்க அதிபர்களுக்கு லைபீரியாவும், டிஸ்கவரி விண்வெளி ஓடத்துக்கு 1988-இல் மார்ஷல் தீவுகளும் நாணயம் வெளியிட்டன. துவாலுவோ இணைய முகவரிகளின் கடைசியில் வரும் ‘.டிவி’ என்ற தன் அடையாளத்தை உலகத்துக்கு வாடகைக்கு விட்டு அரசின் வருமானத்தில் கணிசமான பங்கைப் பார்க்கிறது. நிலமும் தொழிற்சாலையும் இல்லாத சின்ன நாட்டுக்கு விற்க ஒரு பொருள் உண்டு: அது ஒரு நாடு என்பதே. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு ஒன்றும் தெரியவில்லை. 10,000 பேர் சொச்சம் வாழும் நாடு பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்த எங்கிருந்தாவது பணம் வந்தாக வேண்டுமே.

கென்னடியிலிருந்து தொடங்கிய கதை

இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டார். 1964-இல் அமெரிக்கா தன் அரை டாலரில் அவர் உருவத்தைப் போட்டது, நியாயம். அதே 1964-இல் வளைகுடாவில் ஷார்ஜாவும் கென்னடி உருவத்தோடு 5 ரூபாய் வெள்ளி நாணயம் வெளியிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் உருவாக இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்த காலம் அது. அந்தப் பக்கம் புழங்கியது வளைகுடா ரூபாய். அப்புறம் பக்கத்து ஃபுஜைராவின் பெயரில் அப்பல்லோ நிலவுப் பயணத்துக்கு ரியால் நாணயங்கள் வந்தன. அதே ஆண்டுகளில் இந்தச் சின்ன அமீரகங்களின் பெயரில் தபால்தலைகளும் கூடை கூடையாக வந்து இறங்கின. அதுவும் வெளிநாட்டு வியாபாரிகளோடு போட்ட ஒப்பந்தங்களின் கைங்கரியம்தான். தபால்தலையில் பழகிய வித்தை நாணயத்துக்கும் கைகொடுத்தது என்று சொல்லலாம்.

எக்குவடோரியல் கினி 1968-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. 1970-இல் அதன் பெயரில் வந்த வெள்ளி நாணய வரிசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 75 பெசெட்டா நாணயங்களில் லெனின், ஆபிரகாம் லிங்கன், காந்தி, போப் இருபத்து மூன்றாம் ஜான். 100 பெசெட்டாவில் ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘நிர்வாண மாஹா’. ஒரே மேசையில் இவர்களை உட்கார வைக்க வேறு எந்த நாட்டுக்கும் தோன்றியிருக்காது. ஆனால் வியாபாரியின் கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது: ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ ஒரு நாட்டில் வாங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது.

மங்கோலியாவின் 2007 நாணயம் எனக்கு மிகவும் பிடித்தது. 500 துக்ரிக். கென்னடி படத்தோடு சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் ‘நானும் ஒரு பெர்லின்காரன்’ என்று 1963 ஜூன் 26-ஆம் தேதி மேற்கு பெர்லினில் அவர் ஜெர்மன் மொழியில் சொன்ன வரி அவர் குரலிலேயே கேட்கும். அவர் அதைச் சொன்ன நாளில் மங்கோலியா சோவியத் அணியில் இருந்தது. அந்தப் பேச்சு யாரை எதிர்த்துப் பேசப்பட்டதோ, அவர்களின் கூட்டாளி. அமெரிக்காவோடு மங்கோலியாவுக்குத் தூதரக உறவே 1987-இல்தான் ஏற்பட்டது.

சொந்த நாடே வெளியிடக் கூடாதா?

கூடும், ஆனால் பல நாடுகளில் கெடுபிடி அதிகம். அமெரிக்காவில் ஒவ்வொரு நினைவு நாணயத் திட்டத்துக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும். 1996-இல் வந்த சட்டத்தின்படி 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு திட்டங்களுக்கு மேல் கூடாது. கேலிச்சித்திரப் பாத்திரத்துக்கும் ராக் இசைக்கும் அங்கே வரிசையில் இடம் கிடைப்பது லேசில்லை. ஆனால் அவற்றை வாங்கத் துடிக்கும் ரசிகர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நியுவேயும் துவாலுவும் குக் தீவுகளும் வந்து நிற்கின்றன. ஒப்புதல் சீக்கிரம் கிடைக்கும், தலைப்புக்குத் தடை குறைவு, வடிவத்துக்கும்தான். 2004-இல் சோமாலியாவின் பெயரில் கிட்டார் வடிவத்திலேயே ஆறு நாணயங்கள் வந்தன, வண்ண வண்ணமாக. அவற்றின் முகமதிப்பு டாலரில். சோமாலியாவின் பணமோ ஷில்லிங். 1991-இல் மத்திய அரசு சரிந்து, உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடந்த நாடு அது.

வரி என்ற இன்னொரு காரணம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலீட்டுத் தங்கத்துக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. நாணயம் அந்தச் சலுகையைப் பெற வேண்டுமென்றால் சில நிபந்தனைகள்: ஆயிரத்தில் 900 பங்காவது தூய தங்கம், 1800-க்குப் பிறகு அடித்தது, விலை உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட 80 சதவீதத்துக்கு மேல் போகாதது. இவற்றோடு, பிறந்த நாட்டில் சட்டப்படி பணமாக இருப்பது அல்லது ஒரு காலத்தில் இருந்தது. எந்த நாடு என்பது முக்கியமில்லை, ஏதாவது ஒரு நாடு இருந்தால் சரி.

வெள்ளியில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் 2013 இறுதி வரை வெள்ளிக் கட்டிக்கு 19 சதவீத வரி, வெள்ளி நாணயத்துக்கு 7 சதவீதம். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? செவ்வகக் கட்டி, மேலே குக் தீவுகளின் பெயர், ஒரு டாலர் மதிப்பு. ‘நாணயக் கட்டி’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. கையில் எடுத்துப் பார்த்தால் சுத்தமான கட்டி. காகிதத்தில் அது குக் தீவுகளின் காசு. ஒரு கிலோ எடையில்கூட இருந்தன. பசிபிக் தீவு ஒன்றில் காப்பி குடித்துவிட்டு ஒரு கிலோ வெள்ளியைச் சில்லறையாக நீட்டுபவர் யாரும் இல்லை என்று வரித்துறைக்கும் தெரியும்தான். 2014 முதல் அந்த 7 சதவீதச் சலுகை போய்விட்டது. கட்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன.

இதோடு சேர்ந்த விஷயம்தான் முகமதிப்பு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதும். ருவாண்டாவின் பெயரில் 2017 முதல் வரும் கப்பல் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாணயத்தில் கொலம்பஸின் சாந்தா மரியா, அடுத்த ஆண்டு கேப்டன் குக்கின் எண்டெவர். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. முகமதிப்பு 50 ருவாண்டா ஃபிராங்க், அமெரிக்கக் கணக்கில் சில சென்ட்தான். உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையோ பல டாலர். முகமதிப்பை உயர்த்தி வைத்தால் யாராவது ஒருவர் ஒரு நாள் மூட்டையோடு வந்து ‘இந்தாருங்கள், பணத்தைக் கொடுங்கள்’ என்று மத்திய வங்கியிடம் கேட்கும் ஆபத்து நாட்டுக்கு உண்டு. 50 ஃபிராங்குக்காக அந்த வெள்ளியை யாரும் கொண்டுவர மாட்டார்கள். ஆக எண் பெயருக்கு இருக்கிறது, கடன் இல்லை. போகட்டும், ருவாண்டாவுக்குக் கடலே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நாடு.

எதுவரை சம்பந்தம், எங்கிருந்து இல்லை?

கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. மேற்கு சமோவா 1969-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு நாணயம் வெளியிட்டது. பார்த்தவுடன் இதுவும் அந்த ரகம் என்று நினைத்துவிடுவோம். ஆனால் ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தில் சமோவாவில் வாழ்ந்து, 1894-இல் அங்கேயே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர். அது அவர்கள் நினைவுகூர வேண்டிய ஆள்தான். குக் தீவுகள் கேப்டன் குக்கைக் கொண்டாடுவதும் அப்படியே. மாறாக, பசிபிக் தீவு நாடான பலாவ் 2007-இல் வெளியிட்ட ஒரு டாலர் வெள்ளி நாணயத்தில் பிரான்சின் லூர்து மாதாவும், லூர்து நீரூற்றுத் தண்ணீர் அடைத்த குப்பியும் இருந்தன. பலாவுக்கும் லூர்துக்கும் நடுவில் பாதி உலகம் இருக்கிறது.

சில வரிசைகள் நாடு விட்டு நாடு தாவுவதைக் கவனித்தால் விஷயம் பளிச்சென்று புரியும். ஜெர்மனியின் பவேரிய அரசு நாணயச்சாலை அடிக்கும் யானை வெள்ளி வரிசை 1999-இல் ஜாம்பியாவின் பெயரில் தொடங்கியது. 2004 முதல் சோமாலியாவின் பெயரில் வருகிறது. நியூசிலாந்து மின்டின் ‘தாக்கு’ (Taku) என்ற ஆமை வரிசை ஃபிஜியில் ஆரம்பித்து 2014-இல் நியுவேக்கு மாறியது. யானை அதே யானை, ஆமை அதே ஆமை. வாங்குபவர் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனார்.

சம்மதம் யாருக்கு உரியது என்பதில் குழப்பம் வரும் இடங்களும் உண்டு. கேமரூன், சாட், காபோன் முதலிய ஆறு மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவாக ஒரே மத்திய வங்கி. பெனின், ஐவரி கோஸ்ட் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு இன்னொன்று. இந்த நாடுகளின் பணமான சிஎஃப்ஏ ஃபிராங்கை வெளியிடும் உரிமை அந்த வங்கிகளுக்கு. அப்படியிருக்க, சாட் என்றும் கேமரூன் என்றும் தனித்தனிப் பெயரில் ‘சிஎஃப்ஏ ஃபிராங்க்’ போட்டு வரும் வெள்ளி நாணயங்களுக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று சேகரிப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கும் அப்பால் ஒரு ரகம் இருக்கிறது: சீலண்ட் போல உலகம் அங்கீகரிக்காத குறுநாடுகளின் ‘நாணயங்கள்’. அவை சட்டத்தின் கண்ணில் பதக்கங்களே.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

இப்படி ஒரு நாணயம் கையில் வந்தால் நாட்டின் பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் எந்த உலோகம், எவ்வளவு எடை, எவ்வளவு தூய்மை; ‘வெள்ளி முலாம்’ என்று இருந்தால் உள்ளே வேறு உலோகம்தான், அங்கே முடிந்தது வெள்ளிக் கணக்கு. அடுத்து எந்த நாணயச்சாலை அடித்தது, எத்தனை அடித்தார்கள் என்பது. சான்றிதழில் ‘2,000 மட்டுமே’ என்று பெருமையாக இருக்கும். அதே ஆண்டு அதே நிறுவனம் இன்னும் எத்தனை வேறு வடிவங்களை வெளியிட்டது என்பது சான்றிதழில் இருக்காது. அரிதானது வேறு, நாலு பேர் தேடுவது வேறு.

விலையைப் பொறுத்தவரை உலோகத்தின் மதிப்பு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்த்தால் போதும். அந்த மேல்தொகை படத்துக்கும் பெட்டிக்கும் உரிமைக் கட்டணத்துக்கும் போகிறது. படம் பிடித்திருந்தால் கொடுங்கள், தப்பே இல்லை. நல்ல வேலைப்பாட்டுக்கு விலை உண்டு. முதலீடு என்று நினைத்துக் கொடுத்தால்தான் வருத்தம். திரும்ப விற்கப் போகும்போது பல வியாபாரிகள் டார்த் வேடரின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். தராசில் வைத்துவிட்டு அன்றைய வெள்ளி விலையைச் சொல்வார்கள். ஒருசில வரிசைகள் மட்டும் ரசிகர் கூட்டத்தால் அதற்கு மேலும் போகின்றன. எவை போகும் என்று பார்க்க, விற்பவரின் விளம்பரத்தைவிடப் பழைய ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதைத் தேடிப் பார்ப்பது நல்லது.